கத்தரி வைச்சாச்சு

என் அம்மா தவமலர், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பெண்களின் உடுப்புத் தைக்கிறவர். துணியை விரித்துச் சோக்கால் கோடு போட்ட பிறகும் "வெட்டட்டோ?" என்று கேட்பார். துணிக்கு உடையவர் தன் வாயால் ஓம் என்றால்தான் வெட்டுவார். பிறகு மனம் மாறி யாராவது அழைத்தால் ஒரே பதில்தான்: "கத்தரி வைச்சாச்சு."

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த எனக்கு அந்தச் சொல் கடுமையாகப் பட்டது. கொஞ்சம் ஆறுதலாகச் சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். ஆறுதலாகச் சொன்னால் இன்னும் ஏதோ செய்யலாமென்று நினைத்துவிடுவார்கள் என்றார் அம்மா.

சித்திரை மாதம் மூன்றாம் மாடி பத்மாவதி அன்ரியின் மகள் சாருஜா அக்கா கனடாவிலிருந்து வந்திருந்தார். பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு லெஹங்கா தைக்க அவர் கொண்டுவந்தது அன்ரியின் கலியாணக் கூறைச்சேலை. அரக்குச் சிவப்பு. சரிகை இன்னும் கறுக்கவில்லை. அம்மா அதைத் தொடத் தயங்கினார். எங்கள் ஆட்களில், கணவன் இருக்கக் கண்மூடும் பெண்ணை அவளுடைய கூறையை உடுத்தித்தான் அனுப்புவார்கள். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? மேலே அன்ரிக்குப் போன் எடுத்து, "அக்கா, கூறையை வெட்டட்டோ?" என்று மட்டும் கேட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வெட்டும் தவம். இனி நான் அதை எப்ப உடுக்கப்போறன்? உம்மட அண்ணையை இன்னொருக்காக் கட்டவோ?"

அம்மா அண்ணை என்று கூப்பிடுவது அன்ரியின் கணவரை. சாருஜா அக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா" என்றார். பிறகு வெட்டினார். தைத்துக் கனடாவுக்கு அனுப்புவதாகப் பேச்சு.

சாருஜா அக்கா திரும்பிப் போன கிழமையே அன்ரி குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வரவில்லை.

மறுநாள் காலை அன்ரியின் கணவர் சிவபாதசுந்தரம் அங்கிள் எங்கள் வாசலில் நின்றார். அலுமாரியில் கூறையைக் காணாமல் மகளை அழைத்தாராம். விமானம் ஏற நின்ற மகள், அது கீழே எங்களிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அழுதாராம். உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலையில், உடுத்துவதற்குக் கேட்கிறார்கள் என்றார்.

அம்மா கூறை இருந்த பையைத் திறந்தார். கீழே அகன்று மேலே ஒடுங்கிய துண்டுகள். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"இன்னும் தைக்கேல்லை அண்ணை."

அங்கிளின் முகம் தெளிந்தது. "அப்ப பொருத்தலாம்தானே, பிள்ளை?"

அம்மா மெஷினில் இருந்தார். துண்டுகள் நேராகச் சேர வேண்டுமென்றால் ஒன்றுவிட்டொன்றைத் தலைகீழாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கரை ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் நின்றது. பிரித்துத் திரும்பவும் தைத்தார். அங்கிள் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா கையை எடுத்தார்.

"அண்ணை, கத்தரி வைச்சாச்சு."

துண்டொன்றைத் தடவியபடி, "அவவுக்குத் தெரியுமோ?" என்று அங்கிள் கேட்டார்.

"ஓம். கேட்டுத்தான் வெட்டினனான்."

"என்ன சொன்னவ?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, "பேத்திக்கு வடிவாயிருக்கும் எண்டவ" என்றார்.

அன்ரிக்கு வேறொரு பட்டு உடுத்தி, கூறைத் துண்டு ஒன்றை நெஞ்சின் மேல் விரித்தார்கள். மீதியையும் அங்கிள் சவப்பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். சாருஜா அக்கா வந்து சேர்ந்ததும், அழுதுகொண்டிருந்த அவரின் தலையைத் தடவி அங்கிள் சொன்னார்: "நீ ஏன் அழுறாய்? அம்மா ஆசையோடதான் தந்தவ. பேத்திக்கு வடிவாயிருக்கும் எண்டவவாம்."

சாருஜா அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம் அப்பா, அப்பிடித்தான் சொன்னவ" என்றார் சாருஜா அக்கா.