நாக்கு மீனுக்கு உடம்பு நலம்

நாக்கு மீன் நலமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்த அறிக்கை வெளியானதிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டியில் நல்ல நாக்கு மீன் விழுவதில்லை. கடலில் நிறைய இருக்கிறதாம், எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. படித்தவர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு வேறென்ன வரும்?

நான் திருவொற்றியூர்க்காரி. அண்ணன், அண்ணியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அண்ணன் காசிமேட்டிலிருந்து லாஞ்சில், அதாவது விசைப்படகில், மீன்பிடிக்கப் போகிறவர். விலங்கியல் படித்துவிட்டு மாத்தூரில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, துறைமுகத்தில் மீன் அளக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. வேலை கொடுத்தது ஓர் ஆய்வு நிறுவனம். அதற்குப் பணம் கொடுத்தது மீனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. அங்கே நாக்கு மீனைத் தோலுரித்து, முள்ளெடுத்து, வெள்ளைத் துண்டமாக விற்கிறார்களாம். வாங்குகிறவர்கள் மனசாட்சி உள்ளவர்கள். கடலில் இந்த மீன் போதுமான அளவு இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தொண்டையில் இறங்குமாம். அந்த 'யாராவது' நாங்கள்.

நாக்கு மீன் தட்டையான மீன். சேற்றோடு சேறாகப் படுத்துக் கிடக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கண்ணை வைத்து எல்லோரும் ஒரு முறையாவது ஜோக் அடித்தாகிவிட்டது, அதனால் நான் அடிக்கப் போவதில்லை.

ஒரு மீன் இனம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க யாரும் கடலுக்குள் இறங்கி எண்ண முடியாது. பிடிபட்டு வந்ததை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பலகையில் வைத்து நீளம் அளக்க வேண்டும். வயிற்றைக் கீறிச் சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைக்குள் இருக்கும் குட்டிக் காதுக்கல்லை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, வளையங்களைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். பெரிய மீனே வரவில்லை என்றால் முட்டை போடும் தாய் மீன்கள் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். குஞ்சாக வந்து குவிகிறது என்றால் வளரவிடாமல் அள்ளுகிறோம் என்று அர்த்தம். இதற்கு ரொம்ப மூளை வேண்டாம். வந்த மீன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் திட்டத் தலைவருக்கு அந்த 'எல்லாவற்றையும்' தான் பிடிக்காது. முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் அலுவலகத்தில் அவர் டாக்டர். துறைமுகத்தில் மீன் டாக்டர். ஏலம் நடக்கும் விடிகாலையில் மூக்கில் கைக்குட்டையோடு வருவார். ஷூ நனையாத இடமாகப் பார்த்து நிற்பார். ஏலத்துக்குக் கொட்டிய குவியலில் மட்டும் அளக்கச் சொல்வார். ஏலத்துக்கு வந்தால்தான் பிடிபட்டதாகக் கணக்காம். ஏலத்துக்கு வராத மீன் இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது போல.

மாதக்கணக்கில் அப்படி அளந்ததில் எல்லாம் நடுத்தர மீனாகவே வந்தது. பெரியதும் இல்லை, குஞ்சும் இல்லை. கல்யாணத்துக்குக் கிழவிகளும் வரவில்லை, குழந்தைகளும் வரவில்லை, பந்தியில் எல்லோரும் ஒரே வயது என்றால் சாதாரண மனுஷனுக்குச் சந்தேகம் வரும். டாக்டருக்கு வரவில்லை. தாய் மீன்கள் அழிந்துவிட்டன என்று சிவப்பு எழுத்தில் போட்டுத் திரையில் காட்டினார். ஒரு பேரழிவைத் தானே கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது. கம்பெனி ஆளுக்கு ஏசி அறையில் வியர்த்தது.

தாய் மீன்கள் எங்கே என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி ஒன்றைச் சாப்பிட்டிருந்தேன்.

லாஞ்சு கரைக்கு வந்ததும், மீனை ஏலத்துக்கு இறக்கும் முன்பே, வேலை செய்த ஒவ்வொருவரும் வீட்டுக் குழம்புக்கு என்று ஒரு பை மீன் எடுத்துக்கொள்வது காசிமேட்டு வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்டதும் இல்லை. வஞ்சிரத்திலோ வவ்வால் மீனிலோ கை வைத்தால் லாஞ்சுக்காரர் முறைப்பார். நாக்கு மீனை அவர் திரும்பியே பார்க்க மாட்டார், அது காசு பெறாத மீன் என்று நினைப்பு. அதனால் ஆட்கள் இருப்பதிலேயே பெரிய நாக்கு மீனாகப் பார்த்துப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அண்ணன் அதை அண்ணிக்காகவே எடுப்பார். அண்ணி கொருக்குப்பேட்டையில் பிறந்தவர். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர். அன்றிலிருந்து முள் என்றால் உயிர் போகிற பயம். கடலுக்குப் போகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டும் மத்தியையோ சங்கராவையோ தொட்டதில்லை, எங்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு ரசம் ஊற்றிக்கொள்வார். நன்றாக வளர்ந்த நாக்கு மீனை மட்டும்தான் சாப்பிடுவார், நடுமுள்ளை உருவிப் போட்டால் மீதி வெறும் சதை. கல்லுப்பைத் தொட்டுக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் தோலை உரித்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பார். அன்றைக்கு மட்டும் வீட்டில் மூன்று பேரும் ஒரே குழம்பைச் சாப்பிடுவோம். அண்ணன் வாயைத் திறந்து கொஞ்சுகிற ஆள் இல்லை. கரைக்கு வந்த அன்று அந்தப் பையை அடுப்படியில் வைப்பதோடு சரி.

அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்தேன். இரண்டு இடத்தில் நாம் அளக்கவில்லை என்றேன். ஒன்று, ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் குழம்புப் பை. பெரிய மீனெல்லாம் அதில் போகிறது. இன்னொன்று, துறைமுகத்தின் கோடியில் குவிந்து கிடக்கும் கழிசல், அதாவது வலையில் வந்த பொடி மீன். விரல் நீள நாக்கு மீன்கள் அதில் மண்ணாகக் கிடக்கின்றன. லாரியில் அள்ளித் தீவன ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

கூட்டத்தில் லாஞ்சு முதலாளிகள் தரப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கே அந்தத் தீவன வியாபாரத்தில் பங்கு உண்டு. டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பை விஷயம் நல்ல பாயிண்ட்மா, சேர்த்துக்கலாம். ஆனா கழிசல் வணிக மீன் இல்ல. நம்ம ஆய்வு வணிக மீனைப் பத்தினது."

லாரி லாரியாக விற்கிறார்களே, அது என்ன அன்னதானமா என்று கேட்டேன். பதிலுக்கு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

பைகளைத் திறக்க ஆட்கள் முதலில் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற மீனை அலுவலகத்துப் பெண் எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சந்தேகம். அண்ணன்தான் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினார். என் தங்கச்சிதான், அளந்துவிட்டு அப்படியே கொடுத்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார். அவர் சொல்லுக்காகத் திறந்தார்கள். திறந்த பிறகு அவர்களே குஷியாகிவிட்டார்கள். யார் பையில் நீளமான மீன் என்று பந்தயமே நடந்தது. தோற்றவர், ஜெயித்தவர் மீனை வாலைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்டார் என்று புகார் சொன்னார். வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டுச் சினையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பேன், அதுதான் ருசி. காதுக்கல்லுக்காகத் தலையை மட்டும் நான் வைத்துக்கொள்வேன். அண்ணனின் பைக்கு என் பலகையில் எப்போதும் நல்ல இடம்தான். இருப்பதிலேயே பெரியதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் அறிக்கை வந்தது. பெரிய மீன்கள் இருக்கின்றன. சின்ன மீன்களைக் காணோம், ஆகவே குஞ்சுகள் பிடிபடவில்லை. ஆகவே எல்லா மீனும் ஒரு தடவையாவது முட்டை போட்ட பிறகுதான் வலையில் விழுகிறது. ஆகவே நாக்கு மீன் நலம். லாரியில் அள்ளிப்போன குஞ்சுகளைப் பார்க்காமல் விட்டதே குஞ்சுகள் பிழைத்திருப்பதற்குச் சாட்சியாகிவிட்டது. படித்தவர்களால்தான் இப்படியெல்லாம் யோசிக்க முடியும். கம்பெனிக்காரர் அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தார். எனக்கும் ஒரு பெட்டி வந்தது, பழைய டியூஷன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதே அறிக்கையில் ஒரு வரி இருந்தது: பெரிய நாக்கு மீன்கள் கணிசமாக ஏலத்துக்கு வராமல் வெளியே போகின்றன. லாஞ்சு முதலாளிகள் அந்த அறிக்கையில் படித்தது அந்த ஒரு வரியைத்தான். காசு பெறாது என்று நினைத்த மீன் வெளிநாட்டில் துண்டம் போட்டு விற்கிற மீன் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தடை முடிந்து லாஞ்சுகள் இறங்கியபோது புது ஏற்பாடு வந்துவிட்டது. இனி வலையில் வந்தது எல்லாம் ஏலத்துக்கு. குழம்புக்கு வேண்டுமானால் கழிசலில் அள்ளிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்த வரியை அப்படி எழுதியிருக்க வேண்டாம், எழுதினால் கழிசலையும் எழுதியிருக்க வேண்டும் என்றேன். அது அவர்களுடைய உள்விவகாரம், நாம் மீனை மட்டும்தான் பார்க்க வேண்டும், மனுஷர்களை அல்ல என்று விளக்கம் கொடுத்தார். இவர் மீனையும் முழுசாகப் பார்க்கவில்லை. அதைச் சொன்னபோது, திட்டம் முடிந்துவிட்டது என்றார்.

துறைமுகத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பந்தயம் கட்டியவர்கள் இப்போது என்னைக் கண்டால் வலையைத் தைப்பதில் மும்முரமாகிவிடுகிறார்கள். வாக்குக் கொடுத்த அண்ணனை அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு அவர் ஒன்றுதான் சொன்னார்.

"நீ இன்னாமே பண்ணுவ. அளக்கச் சொன்னாங்கோ, அளந்த."

முதல் முறை கடலுக்குப் போய்த் திரும்பிய அன்று வழக்கம்போல அடுப்படியில் பையை வைத்தார். உள்ளே விரல் நீள நாக்கு மீன்கள், பாதி நசுங்கியவை. உரிப்பதற்குத் தோல்கூடச் சரியாக ஏறாத குஞ்சுகள். நான் இத்தனை நாளாக அளக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்த மீன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அண்ணி மாங்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்தார். எங்களுக்கு ஊற்றிவிட்டு ரசச் சட்டியை எடுத்தார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். பிறகு ஒரு குஞ்சு மீனை எடுத்து முள்ளெடுக்க ஆரம்பித்தார். கயிறு இழுத்துக் காய்ந்த தடித்த விரல்கள் அவருடையவை. மீன் அதற்குள் நசுங்கிக் குழைந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் அப்படியே. கடைசியில் நகக்கண் அளவுக்குச் சதை சேர்ந்தது. அதை அண்ணியின் தட்டு ஓரத்தில் வைத்தார். அதிலும் ஒரு முள் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி அந்த முள்ளை உருவித் தட்டோரத்தில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, உங்க டாக்டர ஒரு நாளு வூட்டுக்கு சாப்புடக் கூட்டிகினு வா. இதே கொயம்பு ஊத்தறேன். முள்ள மட்டும் அவரே எடுத்துக்கட்டும்."