தோக்குப்புரையை யார் கொடுத்தார்கள்?

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, திருவனந்தபுரத்தில் பாப்பனங்கோட்டுப் பக்கம் இருக்கிற தோக்குப்புரையைப் பார்க்கப் போனேன். ஊர் சுற்றுகிற ஆசை எல்லாம் இல்லை, சண்டை போடத்தான் போனேன். அதனால் இந்தப் பதிவில் சூரிய உதயம், தென்னந்தோப்பு வகையறா கிடைக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

சண்டை என்னவென்று தெரியாமல் இந்த இடத்தைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. தோக்கு என்றால் மலையாளத்தில் துப்பாக்கி. திருவிதாங்கூர்ப் படையின் துப்பாக்கிகளை அடுக்கி வைத்திருந்த சின்னக் கற்கட்டடம்தான் தோக்குப்புரை. 1809இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தெற்கேயிருந்து நுழைந்து, பாப்பனங்கோட்டில் கூடாரம் அடித்து உட்கார்ந்தது. அது சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது, அதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த நாட்களில் இங்கிருந்த துப்பாக்கிகளும் கம்பெனி கைக்குப் போயின. எப்படிப் போயின என்பதில்தான் தகராறு.

கழக்கூட்டத்தில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அது போக, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்றிருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் எட்டு வருடமாகத் தமிழில் எழுதுகிறேன். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. அங்கே தோக்குப்புரைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதில், "ஆயுதங்கள் கம்பெனியிடம் அமைதியாக ஒப்படைக்கப்பட்டன" என்று ஒரு வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கம்பெனிப் படை கைப்பற்றியது" என்று மாற்றினேன். மறுநாள் பார்த்தால் பழைய வரி. மறுபடி மாற்றினேன். மறுபடியும் பழைய வரி. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

பழைய வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டவர் சங்கரன் சார். கரமனை அக்ரஹாரத்துக்காரர், தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வவுச்சர் இல்லாத செலவைச் செலவென்றே ஒத்துக்கொள்ளாத ஆள். தன் வரிக்குச் சான்றாக, தோக்குப்புரை வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். என் வரிக்குச் சான்று எங்கே என்று கேட்டார். இன்னொரு தடவை மாற்றினால் என் கணக்கை முடக்கச் சொல்லி நிர்வாகிகளுக்கு எழுதப்போவதாகவும் எச்சரித்தார். எட்டு வருட உழைப்பு, முந்நூறுக்கு மேல் கட்டுரைகள். நானும் விடவில்லை. நேரில் வாருங்கள், இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம் என்று எழுதினேன். வருகிறேன் என்றுவிட்டார்.

கழக்கூட்டத்தில் காலை ஏழேகாலுக்கு பஸ் ஏறினேன். கிழக்கேகோட்டை வரை பதினேழு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். சனிக்கிழமை என்பதால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. வேலை நாள் என்றால் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள் ஓரமாக, வெள்ளை வேட்டியும் துணிப்பையுமாக ஒருவர் நின்றிருந்தார். பார்த்ததும் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

"நீங்கோதானா அது? எழுத்தைப் பாத்தா ஒரு ஐம்பது வயசு ஆம்பளைன்னு நெனச்சேன்" என்றார்.

"உங்க எழுத்தப் பாத்து நான் சரியாத்தான் நெனச்சிருந்தேன் சார்" என்றேன். சிரித்துவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருக்க வேண்டியவர் நல்ல மனுஷராகவும் இருந்தால் சண்டை போடுவது கஷ்டம்.

ஆட்டோவில் ஐந்தரை கிலோமீட்டர், தொண்ணூறு ரூபாய். பேரம் வேண்டாம், மீட்டரே அவ்வளவுதான் காட்டும். "அசோசியேஷன் ஆபீஸ் வரைக்கும் விடலாம். அப்புறம் வண்டி போகாது, நடக்கணும் கேட்டோ" என்றார் டிரைவர். கரமனைப் பாலம் தாண்டும்போது சங்கரன் சார் ஆரம்பித்தார். "நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். படை வந்துது, வாஸ்தவம். பிடுங்கித்துன்னு யார் பாத்தா?"

நான் எங்கள் அப்பா கதையைச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வயலை நாலுவழிச் சாலைக்கு எடுத்தார்கள். கையெழுத்து வாங்க வந்த அன்று வரப்பில் போலீஸ் ஜீப் நின்றது. நீட்டிய தாளில் "மனமுவந்து ஒப்படைக்கிறேன்" என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். போடாமல் என்ன செய்வார்? நாளைக்கு எவனாவது அந்தத் தாளைச் சான்று காட்டி, அமைதியாக ஒப்படைத்தார்கள் என்று எழுதுவான்.

"கையெழுத்து இருக்கோல்லியோ?" என்றார் சங்கரன் சார்.



ஆட்டோ நின்ற இடத்திலிருந்து சந்துக்குள் நானூறு மீட்டர் நடை. தோக்குப்புரையைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இரண்டு ஆட்டோ நிறுத்துகிற அகலம், கூரை கிடையாது. சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன, துப்பாக்கியைச் சாய்த்து வைக்கும் மரச்சட்டம் பொருத்தியவை என்கிறார்கள். உள்ளே யாரோ வாழை வைத்திருக்கிறார்கள். வாசலில் அந்தப் பலகை. மேலே மலையாளம், கீழே தமிழ், தமிழில் சந்தேகமே இல்லாமல் "அமைதியாக ஒப்படைக்கப்பட்டன." சங்கரன் சார் வெற்றி பெற்றவர் மாதிரி அதைக் காட்டினார்.

பலகை வைத்தது குடியிருப்போர் சங்கம். அதன் செயலாளர் முருகேசன் அண்ணாச்சிக்கு வள்ளியூர்ப் பூர்வீகம், கிழக்கேகோட்டை பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை. போர்டை இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கைலியைத் தழைத்துவிட்டபடி வந்தார். இதில் எழுதியிருப்பது எங்கிருந்து எடுத்தது என்று கேட்டேன்.

"நெட்டுல நின்னு எடுத்ததாக்கும். நாலு வருஷம் ஆச்சு. எல்லாரும் எழுதுவாங்கல்லா, அந்தப் பேஜு. தமிழ்ல சுத்தமா இருந்துச்சு, அப்படியே பாத்து எழுதிட்டோம்" என்றார் அண்ணாச்சி. பெருமையாகப் போனில் எடுத்துக் காட்டவும் செய்தார். அதே பக்கம். நாங்கள் மூன்று மாதமாக அடித்துக்கொண்ட அதே வரி.

ஆக, பெயர் தெரியாத எவரோ சான்றில்லாமல் ஒரு வரி எழுதினார். அதைப் பார்த்துப் பலகை எழுதினார்கள். பலகையைப் படம் பிடித்து அந்த வரிக்கே சான்றாக வைத்தார் சங்கரன் சார். ஆயுள் முழுக்க வவுச்சர் பார்த்த மனுஷர் செய்த வேலை இது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவர் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் அசையவில்லை. "பொது இடத்துல வெச்ச பலகை, சட்டப்படி அது சான்றுதான். ஆட்சேபம் இருந்தா கட்டுரையோட பேச்சுப் பக்கத்துல எழுதுங்கோ. ஒரு வாரம் பாக்கலாம். உங்க வரிக்கு மட்டும் சான்று இருக்கா என்ன?"

"கூப்பிடு தூரத்துல ஒரு படையே நிக்குது சார். அதுக்கு மேல என்ன சான்று?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே வரியை மாற்றினேன். படை பாப்பனங்கோட்டில் முகாமிட்டிருந்ததற்குப் புத்தகச் சான்று கொடுத்து, "கைப்பற்றியது" என்று போட்டுச் சேமித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் போனை எடுத்துப் புகார் எழுதினார். பத்தடி இடைவெளியில் நின்று இரண்டு பேரும் தட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சி குழம்பிப்போனார். "ஏன் இப்படி கெடந்து அடிச்சுக்கிடுதீய? என்ன எழுதணும்னு சொல்லு தங்கச்சி. பெயிண்டு நம்ம கடையில உண்டு, நாளைக்கே எழுதிரலாம்."

ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பலகையில் "கைப்பற்றியது" என்று ஏறிவிட்டால், சங்கரன் சாரின் சட்டப்படியே அது எனக்குச் சான்று. ஆனால் ஒரு டப்பா பெயிண்டில் ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை. "புதுசா ஒண்ணும் எழுத வேண்டாம் அண்ணாச்சி. அந்த அமைதி வரிய மட்டும் அழிச்சிருங்க, போதும்" என்றேன்.

திரும்பும் பஸ் கழக்கூட்டம் வருவதற்குள் என் கணக்குக்குத் தடை வந்துவிட்டது. காலவரையறை இல்லாத தடை. எட்டு வருடம் எழுதிய இடத்தில் ஓர் ஒற்றெழுத்தைக்கூட இப்போது என்னால் திருத்த முடியாது. அழுகை வந்தது. வருத்தமும் இருக்கிறது. ஆனால் அந்த வரியை மாற்றியதற்காக வருத்தம் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், கூரை இல்லாததால் வெயில் மண்டையைப் பிளக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. சந்தில் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும்போது சாலைக் கடைத்தெருவில் இறங்கினால் பழம்பொரியும் சாயாவும் முப்பது ரூபாய்க்குள் முடியும். போக வர எனக்கு மொத்தம் முந்நூறு ரூபாய் ஆகவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பலகையைப் படித்துவிட்டு, இதை எழுதியவருக்கு யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நேற்று சங்கரன் சார் போன் செய்தார். "பலகையில அந்த வரி இல்லே. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். சான்று போயிடுத்து, அதனால நம்ம பக்கத்துலேர்ந்தும் எடுத்துட்டேன். உங்க வரியும் இல்லே, என் வரியும் இல்லே."

"நல்லது சார்."

"உங்க தடையை நீக்கச் சொல்லி நானே எழுதறேன். இனிமே சான்று இல்லாம அந்த வார்த்தையைப் போட மாட்டேன்னு நீங்கோ ஒரு வாக்கு குடுத்தாப் போறும்."

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார், குரலிலேயே தெரிந்தது. "தடை நீங்குன அன்னைக்கு முதல் வேலையா கைப்பற்றியதுன்னுதான் சார் எழுதுவேன்" என்றேன்.

"நான் அந்த வரியை நீக்குவேன்" என்றார்.

"நீக்குங்க சார். நான் திரும்ப எழுதுவேன்."