சோடியம் கண்ணாடியான நாள்

சோடியத்தை அமுக்க மூன்று மாதம் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் தட்டில் கை வைத்தபடி நிமிர்ந்தார். அவர் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள்.

"அதுக்கு அம்புட்டு தூரம் போகணுமா? இங்க அமுக்குனா அமுங்காதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் விளக்கினேன். அமுக்க அமுக்க உலோகம் இன்னும் நல்ல உலோகமாகும் என்றுதான் யாரும் நினைப்போம். நானே பிள்ளைகளிடம் வருஷக்கணக்காக அப்படித்தான் அளந்துவிட்டிருக்கிறேன். சோடியம் அப்படியில்லை. காற்றழுத்தத்தைப் போல இருபது லட்சம் மடங்கு கொடுத்தால் வெள்ளிப் பளபளப்பு போய், கறுத்து, கடைசியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஓடியாடித் திரிந்த எலக்ட்ரான்கள் அணுக்களுக்கு நடுவே இடுக்கில் மாட்டிக்கொள்வதால் மின்சாரமும் பாயாது. மற்றவர்கள் பார்த்தாயிற்று. எனக்கு என் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

"மூடி அமுக்கிட்டா உள்ள நடக்குறது எப்படித் தெரியும்?"

"ரெண்டு வைரத்துக்கு நடுவுல வச்சுத்தான் அமுக்குவோம். வைரம் வழியா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிரியாணித் தேக்சாப் பாத்திரத்தைத் தம்மில் போட்டு, மூடிமேல் தணலைக் கொட்டி, வாசனையை வைத்தே உள்ளே வெந்துவிட்டதா என்று கணிக்கிறவர். நடுவில் திறந்தால் அன்றைய பிரியாணி போச்சு.

"பாத்துக்கிட்டே அமுக்கலாமா?" என்றார். பச்சைப் பொறாமை. "போயிட்டு வா. தெரிஞ்சதும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும்."

இரண்டாம் மாதம், அவசரப்பட்டு வைரங்களை அழுத்தும் கருவியின் திருகாணியைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினேன். வைரம் உடைந்தது. போனில் அழுதேன்.

"வைரமே உடைஞ்சுச்சா? நம்ம தேக்சா மூடி கல்யாணத்துக்கு முந்தி வாங்குனது, இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன். மறுநாள் வேறு வைரங்களோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஊர் திரும்ப நாலே நாள் இருக்கையில், மைக்ராஸ்கோப்பில், கறுத்துப் போயிருந்த சோடியப் புள்ளி மெல்ல வெளிறியது. அதன் வழியே பின்னாலிருந்த விளக்கு தெரிந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். திண்டுக்கல்லில் அப்போது மத்தியான வியாபார நேரம். கடை இரைச்சல் கேட்டது.

"தெரிஞ்சுச்சுங்க."

"அப்ப இனிமே திருகுற வேலை இல்லையே?"

"இல்ல."

"அப்ப வந்துரு புள்ள. மூணு மாசமா நம்ம கடைச் சோறே எனக்கு இறங்கல. இத முன்னாடியே சொல்லியிருந்தா, வர்ற அவசரத்துல இன்னொரு வைரத்தையும் ஒடச்சிருப்ப."