நாய் கட்டியிருக்குதுங்களா?

எங்கள் நாய்க்குக் குரைக்கத் தெரியாது. காரமடைக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே ஒற்றை வீடு. கத்திக் கூப்பிட்டாலும் கேட்கிற தூரத்தில் வேறு வீடில்லை. காவலுக்கென்று கொண்டுவந்த நாய், முதல் வாரமே தேங்காய்த் திருடனை கேட் வரை வாலாட்டி வழியனுப்பியது. அப்பா பார்த்துவிட்டார்.

"இத எங்கயாச்சும் உட்டுப்போட்டு வேற பாக்கோணும்."

நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அம்மாதான் வழி சொன்னாள்: "நமக்குத்தானுங்க தெரியும். வாரவீங்களுக்குத் தெரியவா போகுது?"

எங்கள் பக்கம் தோட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள்: "ஏனுங்க, நாயி கட்டியிருக்குதுங்களா?" உடனே நான் ஓடிப்போய், தூங்குகிற நாயைச் சங்கிலியில் மாட்டுவேன். சங்கிலியைத் தூணில் அடித்து, "ஏய், சும்மா இரு! கடிச்சுப்போடாத!" என்று கத்துவேன். நாய் என் முகத்தை நக்கும். என் முதல் கற்பனைப் படைப்பு அது. பிறகு நான் எழுதிய எதையும் யாரும் அவ்வளவு நம்பியதில்லை.

பால் எடுக்க வருகிறவருக்கு ஒருநாள் சந்தேகம். "சத்தமே காணோமுங்களே அம்மணி?"

"அது சத்தமெல்லாம் போடாதுங்க. நேரா காலத்தான் புடிக்கும்" என்றாள் அம்மா. அதன்பின் அவர் கேட்டைத் தாண்டவே இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் நாய் செத்தது. வேலையாட்கள் போனபின் தென்னைக்கு அடியில் புதைத்தோம். அழுதால் தடத்தில் போகிறவர்களுக்குக் கேட்கும் என்பதால் அழவில்லை. கைகால் கழுவிவிட்டு மூவரும் தோசை சாப்பிட்டோம். வேறு நாயும் வாங்கவில்லை. இருக்கிற நாய் என்ன ஆயிற்று என்று ஊர் கேட்கும்.

அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள்கூட கேட்டில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அம்மா அழுகையை நிறுத்தி, "பொறத்தால கட்டியிருக்குதுங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. "கல்லாட்ட உக்காந்திருக்கறான் பாரு" என்று ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. நாய்க்கு அழாமல் பழகியது அப்பாவுக்கும் வந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இப்போது அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். சரவணம்பட்டியில் என் ஃபிளாட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.

"நான் வந்துட்டா, நாயி கட்டியிருக்குதுன்னு ஆரு கண்ணு சொல்றது?"

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. அம்மா போனை எடுக்கவில்லை. ஹாரன் அடித்தேன், அம்மா என்று கூப்பிட்டேன். தோப்பில் மோட்டார் சத்தம் மட்டும். என்ன செய்வதென்று தெரியாமல், வாய் தானாகக் கேட்டது:

"ஏனுங்க, நாயி கட்டியிருக்குதுங்களா?"

மறுபடி கேட்டேன். வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு, வீட்டுக்குப் பின்னாலிருந்து, சங்கிலி தூணில் அடிபடுகிற சத்தம் வந்தது.