புளியமரத்துக்கு அடியில் கேட்ட சத்தம்

சாந்தி, தரணி, உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். நம் ஜினாலயத்தில் கூடிக் கும்பிடுகிற சமணர்களும் படிக்கட்டும். உங்கள் நைனா எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருக்கலாம். கூட்டிச் சொன்ன பேச்சு ஒன்றுகூட இல்லை.

சாந்தி, நீ அப்போது செஞ்சியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ரேஷன் அரிசிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற காலம் அது. தரணி, நீ உன் அம்மா வயிற்றில் எட்டு மாதம். ஐப்பசி கடைசியில் புயல் அடித்தது. இரண்டு நாள் விடாத காற்று, மழை. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தால், சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நம் சுவருக்கும் பின்னால் இருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவில் நீட்டிப் படுத்திருந்தது. மாட்டுக்கொட்டகை நசுங்கிவிட்டது. மாடுகளை முந்தின நாளே உன் மாமா வீட்டில் கட்டியிருந்ததால் அவை தப்பின.

மரம் தண்ணீர் போகும் வழியை அடைத்துக்கொண்டது. மலைத்தண்ணீர் முழுதும் சமையல்கட்டுக்குள் வந்தது. தேளும் பூரானும் கூடவே வந்தன. உன் அம்மா பத்மா முன் அறையில் செங்கல் அடுப்பு வைத்துச் சமைத்தாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மறுபடி மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். கான்ட்ராக்டர் கோபால் லாரியும் பத்து ஆட்களும் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் மரம் எடுத்துக்கொண்டிருந்தார். நம் வீட்டுக்கும் வந்தார். பின்பக்கம் நின்று ஒரு பீடி பிடிக்கிற நேரம் பார்த்தார்.

"ஒரே நாள் வேலை நயினாரே. ரம்பம் போட்டு நாலு துண்டாக்கிடுவோம். வேரு பக்கம் மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டா தன்னால வுட்டுடும். கூலி வாணாம், மரத்த நான் எட்துக்கினு போறேன்."

கொளுத்துவது என்றதும் எனக்குப் பகீர் என்றது. அந்த மரத்துப் பொந்தில் எத்தனை உயிர் இருக்கும். வெட்டுவதே பாவம், அதில் கொளுத்துவது வேறா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மத்தியானம்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன்.

மழை நின்று வெயில் வந்திருந்தது. காக்கை, குருவி ஒன்றும் இல்லை. அந்தப் பக்கமே வெறிச்சென்று கிடந்தது. மரத்துக்கு அடியிலிருந்து ஒரு முனகல். ஈனும் பசு அடிவயிற்றிலிருந்து முனகுமே, அதைப் போல. கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு நிற்கும். நான் நின்றால் அதுவும் நிற்கிற மாதிரி இருந்தது. காலடி எடுத்து வைத்தால் மறுபடி வரும்.

அடியில் ஏதோ ஒரு ஜீவன் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். யாரோ வளர்த்த ஆடோ, நாயோ, கீரியோ. நாம் ஈ எறும்புக்கும் இரங்குகிற வழியில் பிறந்தவர்கள். வேறு யாராக இருந்தாலும் பேய் என்று ஓடியிருப்பார்கள். நான் உட்கார்ந்து கையால் மண்ணைத் தோண்டினேன். அது வெளியே வர ஒரு வழி விடவேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. சிரட்டையில் தண்ணீரும் கொஞ்சம் சோறும் உள்ளே தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில் சிரட்டை காலியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். இன்னும் தோண்டினேன். முழங்கை வரை உள்ளே போயிற்று. நான் தோண்டத் தோண்ட முனகலும் அதிகமாயிற்று. தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தோள் வரை கையை விட்டபோது, உள்ளே இருந்த ஈரமண் என் விரல்மேல் லேசாக நடுங்கியது. அது மூச்சு விடுகிறது என்று நம்பினேன்.

உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாங்க, அந்தச் சத்தம் எனக்கு வயித்துல கேக்குது. கோபாலையே வரச் சொல்லுங்க. கொளுத்த வாணாம்னு மட்டும் சொல்லிடுங்க" என்று அழுதாள். நானும் ஆள் அனுப்பிவிட்டேன். நாளைக் காலையில் வருகிறேன் என்று கோபால் சொல்லி அனுப்பினார்.

சொல்லி அனுப்பிய பிறகும் மனசு கேட்கவில்லை. குளித்துவிட்டுப் பஞ்ச நமஸ்காரம் ஒன்பது தரம் சொன்னேன். அருகப் பெருமான் ஆசையும் கோபமும் விட்டவர், அவரிடம் இதைக் கொடு அதைக் கொடு என்று கேட்கக் கூடாது என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் காவல் தெய்வமான பத்மாவதி அம்மனிடம் கேட்டேன். "தாயே, ஒரு உயிரும் போகாமல் இந்த இடம் சுத்தமாகவேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே ஆளைக் காட்டு." இவ்வளவுதான். 

எழுந்து பின்பக்கம் வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை நின்றாள். கல் உடைக்கிற கன்னியம்மா. அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் குவாரியில் வேலை செய்கிறவர்கள். ஒடிந்த கிளைகளை விறகுக்குக் கேட்க வந்திருந்தாள். வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போ என்றேன். அவள் குனியவில்லை. தலையைச் சாய்த்து நின்றாள்.

"இது எத்தினி நாளா கேக்குது?"

"மூணு நாளா. அடியில ஒரு ஜீவன் மாட்டிக்கினு இருக்குது."

அவள் மரத்தைப் பார்க்கவே இல்லை. மரத்துக்கு மேலே சரிவில் நின்ற பெரிய கல்லைப் பார்த்தாள். வீட்டில் பாதி இருக்கும் அந்தக் கல். என் தாத்தா காலத்திலிருந்து அங்கே இருந்ததால் எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. கன்னியம்மா ஏறிப் போய் அதன்மேல் காதை வைத்தாள். பிறகு சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, அந்தக் கல்லும் பக்கத்துப் பாறையும் சேருகிற இடத்தில் விரலால் குறுக்கே பட்டையாக இழுத்துவிட்டு இறங்கினாள்.

"உசுரு கிசுரு ஒண்ணும் இல்ல நயினாரே. கல்லு நகருது. அடியில மண்ணு கரைஞ்சிபோயி, இப்ப மரத்து மேலதான் சாஞ்சிக்கினு நிக்குது. மரம் இல்லன்னா ஊட்டு மேலதான்." கீழே என் பள்ளத்தைப் பார்த்தாள். "இத யாரு தோண்டினது?"

நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நல்லா தோண்டினீங்க போ" என்றாள். "சுண்ணாம்பு காயட்டும். பொழுது சாயறதுக்குள்ள போயி பாருங்க. வெடிச்சிருந்தா பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு கெளம்பிடுங்க."

இருட்டினால் சாப்பிடாத நம் வழக்கப்படி வெளிச்சத்திலேயே சாப்பிட்டோம். கை கழுவிவிட்டுச் சரிவில் ஏறிப் பார்த்தேன். சுண்ணாம்புப் பட்டை நடுவில் பிளந்திருந்தது. பிளவில் என் நகம் நுழைந்தது.  மூன்று நாள் நான் கையை விட்டுத் தோண்டியது, அந்தக் கல்லைத் தாங்கி நின்ற மரத்தின் அடிமண்ணை என்று அப்போதுதான் புரிந்தது. அப்போதே உங்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் கன்னியம்மாவையே வேலையை எடுத்துச் செய்யச் சொன்னேன், எட்டு நாள் ஆகும் என்றாள்.

காலையில் கோபால் ஆட்களோடு வந்தார். வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கல்லு ஒடைக்கிறவ பேச்சக் கேட்டுக்கினு என்னத் திருப்பி அனுப்புறீங்களா? அவ எத்தினி நாள்னு சொன்னா?"

"எட்டு நாளாம்."

"எட்டு நாளா? அதுக்குள்ள உங்க ஊட்ல தவக்கள குடும்பம் நடத்தும்." ஆட்கள் சிரித்தார்கள். "நாலே நாளு. நீங்களே வந்து என்னைக் கூப்புடுவீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. வாசலில் நின்ற இடத்தை விட்டு நகராமல் நின்றேன். அவர் போய்விட்டார்.

கன்னியம்மா, ஏழுமலை, அவள் தம்பிகள் இருவர். மரத்தை அவர்கள் தொடவில்லை. முதலில் நான் தோண்டிய பள்ளத்தில் கல்லைப் போட்டு இறுக்கினார்கள். பிறகு பக்கவாட்டிலிருந்தே பெரிய கல்லுக்குக் கீழே கருங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவரையும் போக விடவில்லை. புருஷன் ஒரு தரம் குறுக்கே போகப் பார்த்தபோது, "யோவ், என்னைத் தாலி அறுக்க வைக்காத, சுத்திக்கினு வா" என்றாள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது முனகல் நின்றது. அந்த அமைதிதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கன்னியம்மா கையைத் தூக்கினாள். எல்லோரும் விலகினார்கள். புளியமரத்தின் அடிமரம் துப்பாக்கி வெடித்ததுபோல் வெடித்தது. கல் ஒரு சாண் இறங்கி, அடுக்கி வைத்த முட்டின்மேல் உட்கார்ந்தது. நான் மூன்று நாள் குந்தியிருந்த இடத்தில் ஒரு கத்தியைக்கூட நுழைக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுக் கோபாலும் வந்தார். வெடித்த அடிமரத்தைக் குனிந்து பார்த்தார். "என் பசங்க நாலு பேரு அங்கதான் நின்னுக்கினு இருந்திருப்பானுங்க" என்றார். மறுநாள் லாரியை அனுப்பினார். கன்னியம்மா ஆட்கள் கல்லை மேலிருந்து ஆப்பு வைத்துத் துண்டு துண்டாகப் பிளந்து எடுத்த பிறகு, கோபால் ஆட்கள் மரத்தை எடுத்துப் போனார்கள். எதையும் கொளுத்தவில்லை. ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தது. அடியில் ஆடும் இல்லை, கீரியும் இல்லை. நான் வைத்த சோற்றை எது தின்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தரணி, அடுத்த மாதம் நீ அந்த வீட்டில்தான் பிறந்தாய்.

நம்மவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனைக் கேளுங்கள், பதில் வரும். ஆனால் அது நாம் நினைத்த உருவத்தில் வராது. விறகு கேட்டுக்கொண்டு வேலியோரம் நின்றாள் எனக்கு வந்தவள். நான் அவளைப் போ என்றுதான் சொன்னேன். வீடு இடிந்து கிடக்கும்போது எத்தனை நாளில் முடிப்பாய் என்று கேட்காதீர்கள். வந்து நிற்கிறவர் எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள். அன்றிலிருந்து இரக்கப்படும்போதும் ஒரு தரம் நிதானித்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

தரணி, நீ பிறந்த தீட்டுக் கழிந்ததும் ஒரு நாள் விடியற்காலையில் நான் மட்டும் திருநாதர் குன்றுக்குப் போனேன். பாறையில் வெட்டியிருக்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் ஒவ்வொருவராகக் கும்பிட்டேன். முடித்துவிட்டு, குவாரி இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பி, இன்னும் ஒரு தரம் கும்பிட்டேன். பிறகு இறங்கி வந்தேன்.