காய்ந்த பூவுக்குத் தெளித்த தண்ணீர்

இஸ்திரிக் கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. கண்ணெதிரே துணி என்று ஒன்று கிடந்துவிட்டால் போதும், வலது கை தானாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய்விடும். ஐந்து விரலையும் நனைத்து ஒரு உதறு. அப்புறம் துணியைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி ஓரமாக வைப்பார். கொஞ்ச நேரம் கிடந்தால் ஈரம் எல்லா இழைக்கும் ஒரே மாதிரி இறங்கும், இஸ்திரிப் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். முப்பது வருடப் பழக்கம். ஒருமுறை தலையணை உறைக்குள் மகளின் மதிப்பெண் பட்டியல் இருந்தது தெரியாமல் அதற்கும் தெளித்துச் சுருட்டிவிட்டார். கணக்குப் பாடத்தின் மார்க் மட்டும் கரைந்துபோனது. மகள் கோபிக்கவில்லை; மூன்று பேர் கேட்டும் அந்த மார்க் என்னவென்று இன்றுவரை சொல்லவும் இல்லை.

அவர் தேய்ப்பார், மனைவி மடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. மடிப்பின் நேர்த்திக்காகவே சிலர் இரண்டு தெரு தள்ளி வந்து துணி போட்டார்கள். ஆனால் பாராட்டுவதென்றால் கடைக்காரரைப் பார்த்துத்தான் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

போன மழைக்காலத்தில் பெண்கள் விடுதியின் போர்வைகளில் ஒரு புழுங்கல் வாடை அடித்தது. மனைவி, உலர்ந்த ரோஜா இதழும் புதினாவும் கிராம்பும் போட்டு ஒரு சின்னத் துணிப்பை தைத்து, போர்வைகளுக்கு நடுவே செருகி அனுப்பினாள். மறுநாளே வார்டன் அம்மா கடை வாசலில் வந்து நின்றார். கடைக்காரருக்குப் பகீரென்றது, ஏதோ புகார் என்று. அந்த அம்மாவோ அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டார். மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாம்மா" என்றாள். புது மாணவிகள் வருவதற்குள் நாற்பது அறைக்கும் நாற்பது பை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் வார்டன். அன்று முழுக்க மனைவியின் முகத்தில் இருந்த களையைக் கடைக்காரர் மறைவாகப் பார்த்துக்கொண்டே தேய்த்தார்.

அதற்கப்புறம் ஆறு வாரம் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பூக்கடையில் உதிர்ந்து கிடக்கும் ரோஜாக்களை வாங்கி வந்து, மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்துப் பரப்பினாள். மரிக்கொழுந்தையும் புதினாவையும் கொத்துக் கொத்தாகக் கட்டி ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். எலுமிச்சைத் தோலை மெல்லிசாகச் சீவிக் காயவைத்தாள். வாசனை ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது வெட்டிவேர். அதைப் பொடிப்பொடியாக நறுக்கித் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். காய்ந்ததா என்று பார்க்க அவளுக்குக் காதுதான். ஓர் இதழைக் காதருகே வைத்துக் கசக்கினால் நொறுங்குகிற சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பத்து நாளில் பைக்குள் பூசணம் பூத்துவிடும். கணவரை மட்டும் பக்கத்தில் விடவே இல்லை.

"எதைத் தொட்டாலும் தெளிப்பீங்க. தள்ளியே இருங்க."

பை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு விடுதியின் ஆட்டோ வரும். காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி மாடியிலிருந்த இதழையும் இலையையும் ஒரு பழைய படுக்கை விரிப்பில் அள்ளி வந்து கடையின் பக்க மேசையில் பரப்பினாள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க விரிப்பின் பாதியை மேலே மடித்துப் போட்டாள். "பூ இருக்கு, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பை கட்ட ரிப்பன் வாங்கக் கிளம்பினாள். அவர் அப்போது சட்டைப் பொத்தானைத் தொலைத்தது யார் என்று ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். "ம்ம்" என்றார்.

வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கோபம் அடங்காமல் திரும்பிய கடைக்காரர் கண்ணில் பக்க மேசை பட்டது. வெள்ளை விரிப்பு. கை கிண்ணத்துக்குப் போனது. நாலு உதறு. சுருட்டி வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அதைத் தேய்த்து முடித்து விரிப்பைத் தூக்கியபோதுதான், அதற்குள் ஏதோ சருகு மாதிரி நொறுங்கியது.

பிரித்துப் பார்த்தால் பாதி இதழ்கள் துணியோடு ஒட்டிக் கிடந்தன. மரிக்கொழுந்து துவண்டு போயிருந்தது. வெளியே தூறல் வேறு. அவள் வருவதற்குள் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு கைப்பிடி இதழைத் துணிக்கு நடுவே வைத்துப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தார். இதழ் கறுத்தது. ரோஜா வாசனைக்குப் பதிலாக ஏதோ வெந்த வாடை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வாரம். அதுவும் அவளைப் பார்த்து, அவளிடமே கேட்ட வேலை.

மனைவி குடையை மடக்கியபடி உள்ளே வந்தாள். வரும்போதே மூக்கு காட்டிக் கொடுத்துவிட்டது.

"என்னங்க கருகுது?"

"தெளிச்சுட்டேன்மா" என்றார்.

அவள் ரிப்பனை ஓரமாக வைத்தாள். குனிந்து ஒரு பிடியை அள்ளிக் காதருகே கொண்டுபோனாள். அப்புறம் அடியிலிருந்து ஒரு பிடி.

"சுருட்டி எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு சட்டை தேய்க்கிற நேரம். முழுக்கை."

"அப்ப பாதிக்கு மேல தண்ணிய விரிப்பே குடிச்சிருக்கும். நடுவுல இருக்கறது காஞ்சுதான் இருக்கு." துணியில் ஒட்டியதையும் துவண்டதையும் மட்டும் பொறுக்கித் தனியே எடுத்தாள். இரண்டு முறம் அளவுக்கு வந்தது. "இதைத்தான் காயவைக்கணும். வெயிலுக்கு எங்க போறது?"

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தேய்க்கிற மேசையில் நாலு கம்பளி போட்டிருக்கிறது. காலையிலிருந்து தேய்த்த சூடு அதில் அப்படியே இருக்கும், மதியம்வரை இறங்காது. பெட்டி வேண்டாம், அந்தக் கதகதப்பு போதாதா?

மனைவி கம்பளிமேல் புறங்கையை வைத்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். "போதும்னுதான் தோணுது. முதல்ல கையைத் துடைங்க. நல்லா துடைங்க."

தண்ணீர்க் கிண்ணம் பரணுக்குப் போனது. கடையில் தேய்ப்பு நின்றது. கம்பளிமேல் செய்தித்தாளை விரித்து இதழ்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்தினார்கள். அவள் மற்றதை வெட்டிவேரோடு கலந்து, முன்பே தைத்து வைத்திருந்த பைகளில் போட்டு ரிப்பன் கட்ட, அவர் கால் மணிக்கொரு தரம் இதழ்களைப் புரட்டிக் கொடுத்தார். துணி வாங்க வந்தவர்களிடம் மின்சாரம் இல்லை என்றார். தலைக்குமேல் விசிறி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

இரண்டரை மணிக்கு மனைவி ஓர் இதழை எடுத்துத் தன் காதருகே கசக்கினாள். பிறகு இன்னொன்றை எடுத்து அவர் காதருகே கொண்டுவந்து கசக்கினாள். நொறுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

"எல்லாத்தையும் உங்க காதுலயே நொறுக்கிட்டா பையில எதைப் போடறதாம்?" என்றாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

கருகிய கைப்பிடியைக் கழித்தும் நாற்பது பைக்கு வந்தது. சுருட்டியதில் இதழ்கள் கொஞ்சம் உடைந்திருந்தன, அவ்வளவுதான். வாசனையில் குறையில்லை. நாலு மணிக்கு ஆட்டோ வந்ததும், பைகளைக் கொடுத்தனுப்பாமல் தானே நல்ல புடவை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது தலையை நீட்டி, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து நின்றபடியே சாப்பிட்டார். தன் பங்கு தீர்ந்து அவள் பங்கிலும் பாதி போனது. கையைக் கழுவிவிட்டுத் துணி மூட்டையில் லேசாகச் சாய்ந்தவர், கடை திறந்த காலத்திலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார். எதிர்வீட்டு டீச்சர் புடவை வாங்க வந்தபோது குறட்டைச் சத்தம் தெருவரை கேட்டது. டீச்சர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் தன் புடவையைத் தானே எடுத்துக்கொண்டு, சாரல் உள்ளே அடிக்காமல் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார்.