கடிக்காத சாரை

எஸ்பியர்க் நகரில் எங்கள் மேல்வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். இரண்டு சாரைப்பாம்புகள் வளர்த்தார்; ஒன்று கடிக்கும், மற்றது கடிக்காது. நெடிய மனிதர், புறங்கையெல்லாம் பல் தடம். கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் பாம்பைத் தடியால் மெல்லத் தொடுவார். வருவது இரையல்ல, கை என்று அதற்குத் தெரியவேண்டுமாம்.

ஒருநாள் போனபோது ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. பாம்பு செத்துவிட்டதாம்.

“எது அண்ணை செத்தது? கடிக்கிறதோ?”

“இல்லை, சாதுவானது. தூக்கினா அப்பிடியே கிடக்கும். நல்ல குணமெண்டு நினைச்சன். அதுக்குக் கனநாளா ஏதோ வருத்தமாம், மிருக டொக்டர் சொன்னவர்.”

சுவரில் மாலையோடு இருந்த மனைவியின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இவவும் ஒண்டுக்கும் முனகாதவ.”

மற்றப் பெட்டியிலிருந்த பாம்பு சீறிக்கொண்டு கண்ணாடியில் மோதியது. அவர் அதனருகே போய்க் குந்தினார்.

“ஓம், கோவிச்சுக்கொள்,” என்றார். “நல்லாக் கோவி.”